மூன்றாம் ரூம் கோப்பையும் ஆணியில் தொங்கிய டம்ளரும்

கலந்தாள் என்பது உண்மைதான். அதை யார் இல்லை என்றார்கள்? ஆனால் கலந்தது கோப்பைகளை. விஷத்தைக் கலந்தாள் என்று ஜெகதளா பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ராமாத்தாள் சொல்லித் திரிகிறாள். காத்தாயி டாலர் வாங்கினாளாம். வேவு பார்த்தாளாம். போலீஸ் வந்து ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் விட்டதாம். பார்த்தது யார் என்று கேட்டால் மருமகன் பார்த்தான் என்கிறாள். அந்த மருமகன் அந்த வாரம் முழுக்கத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அங்கிருந்து குன்னூர் தெரிகிற கண் அவனுக்கு மட்டும்தான் இருக்கும் போலிருக்கிறது.

கறிக்கடை காதர் பாயும் அவளும் ஒரே நாளில் அவள் வேலை பார்த்த பங்களாவுக்கு வெளியே வந்தார்கள், அப்படியென்றால் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று இன்னொரு கதையும் ஓடுகிறது. ஒரே நாளில் வந்தது நிஜம். ஏன் வந்தார்கள் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை. பொறுமை உள்ளவர்கள் கேளுங்கள்.

காத்தாயிக்கு வயது ஐம்பத்தாறு. இலங்கையில் அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். அவள் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பே, அவள் எங்கே வாழ வேண்டும் என்று பேசி முடித்துவிட்டார்கள். இரண்டு நாட்டுப் பெரியவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேர் உங்களுக்கு, மூன்று லட்சம் பேர் எங்களுக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். பறித்த கொழுந்தைக் கூடை கூடையாக நிறுத்துப் பிரிக்கிற மாதிரி. காத்தாயியின் அப்பா ராஜரத்தினம் இந்தியாவின் கூடையில் விழுந்தார். சின்னம்மா இலங்கைக் கூடையில். அட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகர்ந்தபோது ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே ஓடி வந்தாளே சின்னம்மா, அதுதான் காத்தாயி அவளைக் கடைசியாகப் பார்த்தது. அப்போது காத்தாயிக்கு ஒன்பது வயது.

எந்தத் தாளில் கைநாட்டு வைத்தோம், அதில் என்ன எழுதியிருந்தது என்பது ராஜரத்தினத்துக்குச் சாகும்வரை தெரியவில்லை. தோட்டத்துக் கிளார்க் ஒருவன் படித்துச் சொன்னதை நம்பி வைத்துவிட்டார். பிறகு மகளுக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தாளைப் படித்துக் காட்டுகிறவன் ஒருவன் மட்டும் என்றால் நம்பாதே, இரண்டு பேரிடம் கேள்.

மண்டபம் முகாமிலிருந்து அவர்களைப் பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். போய் இறங்கிய காலையில் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் கையில் கண்ணாடி டம்ளர். அப்பாவுக்குக் கடைக்காரர் வேப்பமரத்தைக் காட்டினார். மரத்தில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு தகர டம்ளர். அது உங்களுடையது, குடித்துவிட்டு நீங்களே கழுவி மாட்டிவிடுங்கள் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பஸ்ஸுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார். அப்பா டீயைத் தரையில் ஊற்றிவிட்டு, டம்ளரை மாட்டாமல் கீழே வைத்துவிட்டு வந்தார். அந்த வாரமே குடும்பத்தோடு நீலகிரிக்கு மலையேறினார். டீக்கடைக்காரரின் முகம் காத்தாயிக்கு மறந்துவிட்டது. ஆணி மறக்கவில்லை.

இந்த இரண்டையும் வைத்துத்தான் அவள் உலகத்தை அளப்பாள். பேச்சுவார்த்தை என்றால் நம்ப மாட்டாள். தனிக் கோப்பை என்றால் விட மாட்டாள்.

மலையில் இருபது வருடம் கொழுந்து பறித்தாள். புருஷன் லாரி கவிழ்ந்து போன பிறகு மேல் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டியது அது. இப்போது விருந்தாளிகளுக்கு விடுகிறார்கள். பாத்திரம், துடைப்பம், டீ எல்லாம் அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருடம். பங்களாவுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறைக் குடியிருப்பும் அதோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும் என்பது பேச்சு. மகள் ஜீவிதா குன்னூரில் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம். படிப்பு முடியும்வரை அந்தக் கூரை தலைக்கு மேலே இருந்தால் போதும் என்பதுதான் காத்தாயியின் ஒரே கணக்கு.

போன ஐப்பசியில் மழை கொஞ்சம் ஓய்ந்த வாரம், மேனேஜர் வசந்தகுமார் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். போன்களை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டினார். வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பெயர் கேட்கவும் கூடாது, ரூம் நம்பர்தான் பெயர் என்றார். மறுநாளே கேட்டில் சாதாரணச் சட்டை போட்ட சிப்பாய்கள் மாதிரி இரண்டு பேர் வந்து நின்றார்கள். கேத்தியிலிருந்து வந்த கேரட் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு கேரட்டாகத் திருப்பிப் பார்த்தார்கள். இவ்வளவு பயந்துகொண்டு பேசுகிற பேச்சு நல்ல பேச்சாக இருக்குமா என்று காத்தாயி அன்றே நினைத்தாள்.

இஸ்ரேலிலிருந்து ஐந்து பேர், பாலஸ்தீனத்திலிருந்து ஐந்து பேர், நடுவில் உட்கார ஒரு வெள்ளைக்காரர். மொழிபெயர்க்கவும் குறிப்பெழுதவும் சசிரேகா என்று ஒரு மதுரைப் பெண். சமையற்கட்டுக்கு வந்து இஞ்சி டீ கேட்பாள், காத்தாயியை அம்மா என்பாள். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். இவர்கள் மந்திரிகள் இல்லை, ஒரு காலத்தில் பெரிய பதவியில் இருந்தவர்கள். சண்டை நின்றால் மறுநாள் காவலுக்கு யார் நிற்பது, துப்பாக்கியை முதலில் யார் கீழே வைப்பது, எந்தச் சாலையிலிருந்து படை முதலில் விலகுவது, கேட்டை யார் திறப்பது, யார் மூடுவது, இதையெல்லாம் இங்கே பேசி ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தால், மேலே இருப்பவர்கள் பிறகு எடுத்துக்கொள்வார்களாம்.

காத்தாயி இஞ்சியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

“அந்தக் கேட்டைத் தாண்டிப் போற சனம் யாராச்சும் இதுல இருக்காங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப சரி. எங்களுக்கும் இப்படித்தான் பேசினாங்க.”

பெரிய ஹாலில் மேசை நிறைய வரைபடம். அவர்கள் சாப்பிடப் போகும்போது அவள் துடைக்கப் போவாள். நேற்று ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த பென்சில் கோடு இன்று அந்தப் பக்கம் இருக்கும். நடுவில் ரப்பர் துகள் கொட்டிக் கிடக்கும். அதை அவள் துடைப்பத்தால் தள்ளியதில்லை. கையால் கூட்டி எடுத்துச் செடிக்கடியில் போட்டாள். அந்தத் துகளில் எத்தனை பேர் வீடு போயிருக்கிறதோ, யார் கண்டது.

முதல் நாள் காலையிலேயே மேனேஜர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். புதுத் தட்டுகள், புதுக் கோப்பைகள், பங்களாக் கோப்பை மாதிரியே வெள்ளை. பிடியில் மட்டும் நீல நூல் கட்டியிருந்தது. இவை மூன்றாம் ரூமுக்கும் நான்காம் ரூமுக்கும். தனியாக வை, தனியாகக் கழுவு, மற்றவர்கள் கோப்பையோடு சேரவே கூடாது என்றார். ஏன் சார் என்று கேட்டாள். சொன்னதைச் செய் என்றார்.

தினமும் பேச்சுத் தொடங்கும் முன் பத்துப் பேரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அது வெள்ளைக்காரர் வைத்த ஏற்பாடு. மூன்றாம் ரூமில் ஒரு தாடிக்காரப் பெரியவர், இஸ்ரேல் பக்கம். அவருக்கு எதிரே ஆறாம் ரூம் டாக்டர், பாலஸ்தீனப் பக்கம். காத்தாயி தட்டை ஏந்திக்கொண்டு போவாள். நூல் கட்டிய கோப்பை ஒரு பக்கம், கட்டாத கோப்பை எதிர்ப்பக்கம். ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒரே கெட்டிலில் ஊற்றி, கோப்பையை மட்டும் பிரித்து வைப்பது என்ன சமாதானம்? எதிரே இருக்கிறவர்கள் வாய் வைத்த கோப்பை இவர்களுக்கு ஆகாது என்றுதானே அர்த்தம்? வேறு அர்த்தம் அவளுக்குத் தெரியாது. பெரம்பலூர் பக்கத்தில் வேறு அர்த்தம் இருந்ததில்லை.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம், கறிக் குழம்புப் பாத்திரம் கிடந்த தொட்டியிலேயே நீல நூல் கோப்பைகளையும் போட்டாள். காய் நறுக்கும் கத்தியால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தாள். எல்லாவற்றையும் ஒரே சோப்பு நீரில் கழுவி, ஒரே துணியில் துடைத்து, ஒரே அடுக்கில் வைத்தாள். நூல்களை அடுப்பில் போட்டாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள் என்றும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் டீ போனது. தாடிக்காரப் பெரியவர் கோப்பையைத் தூக்கினார், பிடியைத் தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மெதுவாகக் கீழே வைத்துத் தள்ளினார். நான்காம் ரூம்காரரும் தள்ளினார். எதிரே டாக்டர் அதைப் பார்த்தார். நேற்றுவரை சேர்ந்து குடித்தவர் இன்று தள்ளுகிறார் என்றால் அதற்கு ஒரு பொருள் இருக்கும் அல்லவா? டாக்டரும் தன் கோப்பையைத் தள்ளினார். அவர் பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. பத்துப் பேரும் எழுந்து அவரவர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அரை மணி நேரத்தில் கேட்டில் நின்றவர்கள் சமையற்கட்டில் நின்றார்கள். கோப்பைகளைப் படம் எடுத்தார்கள். மிச்ச டீயைப் பாட்டிலில் ஊற்றி மூடினார்கள். அடையாளத்தை எடுத்தது யார், எதற்காக எடுத்தார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். காத்தாயிக்கு அப்போதே சொல்ல வாய் வந்தது. ஜீவிதாவின் முகம் வந்து வாயை அடைத்தது. சொல்லாமல் விட்டது தப்புத்தான். அவளும் அப்படித்தான் சொல்வாள்.

கேட்டில் வைத்திருந்த வருகை நோட்டைப் புரட்டினார்கள். வெளியிலிருந்து சமையற்கட்டுவரை வந்து போனது ஒரே ஓர் ஆள். காதர் பாய். டாக்டர் பக்கத்து விருந்தாளிகளுக்காக அவர்கள் முறைப்படி அறுத்த கறியைத் தினமும் குன்னூர் மார்க்கெட்டிலிருந்து கொண்டுவருகிறவர். பெயரைப் படித்ததும் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி முகம் மாறியது. அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. பதினோரு மணிக்குக் கறியோடு வந்தவரை விறகுக் கொட்டகையில் ஸ்டூலில் உட்கார வைத்து மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கறிப் பை தரையில் கிடந்தது. தண்ணீர் கொண்டுபோன காத்தாயியிடம் அவர் சொன்னார்:

“அக்கா, நான் கறியக் குடுத்துட்டுப் போற ஆளு. கோப்பைய எதுக்குக்கா தொடப் போறேன்? நீங்களாச்சும் சொல்லுங்க.”

அதற்கு மேல் காத்தாயியால் முடியவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். நூலை அறுத்தது நான், கழுவினது நான், பாய்க்கு ஒன்றும் தெரியாது, அவரை விடச் சொல்லுங்கள் என்றாள். வசந்தகுமார் கதவைச் சாத்தினார். அவருக்கு அவர் கவலை. கோப்பை ஏன் தனி என்று வேலைக்காரிக்கு விளக்காமல் விட்டது யார் என்று கேள்வி வந்தால் பதில் அவர் சொல்ல வேண்டும்.

“நீ சும்மா இரு காத்தாயி. உன்ற வேலை போயிரும், ஊடும் போயிரும், புள்ளையக் கூட்டிட்டு எங்க போவ? நான் ஒரு தாள் எழுதித் தாறேன். கையெழுத்துப் போட்டுட்டீன்னா இதோட முடிஞ்சுது.”

கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடித்து ஒரு தாளை நீட்டினார். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்றுதான் எழுதியிருக்கிறது என்றார். காத்தாயி தாளை வாங்கி மடித்தாள். கண்ணாடி வீட்டில் இருக்கிறது, போட்டுக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். அவளிடம் கண்ணாடியும் கிடையாது, அவளுக்குத் தெரிந்த எழுத்து அவள் பெயரில் இருக்கிற நாலு எழுத்துத்தான். மேனேஜருக்கு அது தோன்றவில்லை.

ஜீவிதா அன்று லீவில் வீட்டில் இருந்தாள். படித்தவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள்.

“அம்மா, காதர் பாய் சொல்லித்தான் நூலை எடுத்தேன், எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு போட்டிருக்கு.”

காத்தாயி மகளையும் முழுசாக நம்பவில்லை. அப்பா சொன்னது இரண்டு பேர். தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கையெழுத்துப் போடாவிட்டால் வெளியே போகச் சொல்வார்களே அம்மா என்று ஜீவிதா வாசல்வரை வந்து கேட்டாள். சொல்வார்கள் என்றாள் காத்தாயி.

சசிரேகா தாளை இரண்டு முறை படித்தாள். மகள் சொன்னதையே சொன்னாள். பிறகு எழுந்து, வாங்கம்மா என்று கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிப் போனாள். வெள்ளைக்காரர் கெஞ்சி வரவழைத்ததில், ஆளுக்கொரு மூலையாகப் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் வாசலில் வந்து நின்றார்.

காத்தாயி நின்றுகொண்டே சொன்னாள். வேப்பமரம், ஆணி, தகர டம்ளர், அப்பா தரையில் ஊற்றிய டீ, எல்லாம். அதனால்தான் அறுத்தேன், எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று முடித்தாள். சசிரேகா ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னாள்.

தாடிக்காரப் பெரியவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார். தன் வேதத்தில் பாலும் இறைச்சியும் ஒரே பாத்திரத்தில் சேரக் கூடாது, அதற்காகத் தனக்குத் தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது, எதிரே இருப்பவர் தொட்டால் தீட்டு என்பதற்காக இல்லை என்றார். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் தனித் தட்டு வைத்துக்கொள்கிற மாதிரிம்மா என்றாள் சசிரேகா.

“மாலை போட்டவங்க மாலை போட்டிருக்கேன்னு சொல்லிட்டுத்தானே தட்டைத் தனியா வைப்பாங்க?” என்றாள் காத்தாயி.

அதையும் மாற்றிச் சொன்னாள் சசிரேகா. பெரியவர் தலையை ஆட்டினார். சொல்லியிருக்கலாம்தான் என்றார். டாக்டர் தொண்டையைக் கனைத்தார். நீங்கள் கோப்பையைத் தள்ளியதும் பேச்சு முடிந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன், நானும் கேட்டிருக்கலாம் என்றார். அதற்காக இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒருவரையொருவர் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்தார்கள்.

காத்தாயி கிளம்பத் திரும்பினாள். டாக்டர் என்னவோ கேட்டார். சசிரேகா மேனேஜரைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்.

“இந்த வீட்டுல நீங்க எதுல டீ குடிப்பீங்கன்னு கேட்கிறார்மா.”

காத்தாயி பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பின்வாசலுக்கு வெளியே, விறகுக் கொட்டகைச் சுவரில், ஓர் ஆணி இருக்கிறது. அதில் அவளுடைய எவர்சில்வர் டம்ளர் தொங்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜரின் சம்சாரம் காட்டிய இடம். இருபத்திரண்டு வருடம் அதில்தான் குடித்தாள், கழுவினாள், மாட்டினாள். ஒரு நாள்கூட அதை அப்பாவின் ஆணியோடு சேர்த்து நினைத்ததில்லை. விருந்தாளியின் கோப்பைக்காகக் கத்தி எடுத்தவள், தன் டம்ளரைத் தினமும் தானே மாட்டிக்கொண்டிருந்தாள்.

வேலைக்காரம்மாவை ஒன்றும் செய்யக் கூடாது என்று பெரியவர் வாசலில் நின்ற மேனேஜரிடம் சொன்னார். மேனேஜரும் சரி என்றார். சமையற்கட்டுக்கு வந்து, போனது போகட்டும், நீ இரு, வேலையைப் பார் என்றார். காதர் பாயை மட்டும் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, வேறு கடையில் கறி வாங்கிக்கொள்ளலாம்.

“அவரு என்ன சார் பண்ணினாரு?”

“ஒண்ணும் பண்ணலை. ஒருக்கா சந்தேகம்னு வந்துட்டா அப்புறம் எதுக்கு வம்பு?”

காத்தாயி அடுப்பை அணைத்தாள். கைகளைத் துடைத்தாள். பின்வாசல் வழியாகப் போய் டம்ளரை ஆணியிலிருந்து எடுத்தாள். குடியிருப்புக்குப் போகும் பாதை அங்கிருந்து பத்தடிதான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடி திரும்பச் சமையற்கட்டுக்குள் வந்தாள், சாப்பாட்டு அறையைத் தாண்டினாள், வரைபடம் விரித்த ஹால் ஓரமாக நடந்தாள். உள்ளே யாரோ ஒரு சாலையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், யாரோ இல்லை இல்லை என்றார்கள். அந்தப் பேச்சு என்ன ஆயிற்று என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. டி.வி.யிலும் வரவில்லை. தெரிந்தாலும் இரண்டு பேரிடம் கேட்டுத்தான் நம்புவாள்.

முன்வாசல் தேக்குக் கதவை வாரம் ஒரு முறை எண்ணெய் போட்டுத் துடைப்பவள் அவள்தான். பித்தளைக் குமிழைத் தேய்ப்பவளும் அவள்தான். அதைத் திருப்பி வெளியே போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. கேட்டில் நின்றவர்கள் கையில் என்ன என்று கேட்டார்கள். டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், உள்ளே பார்த்தார்கள், அடியில் தட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

சாலை வளைவில் காதர் பாய் வெறும் பையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். காத்தாயி போய் அவர் பக்கத்தில் நின்றாள். ராமாத்தாள் கடையிலிருந்து அந்த வளைவு நன்றாகத் தெரியும்.